மரமா, மனையா?

மரம் வேண்டுமா, மனை வேண்டுமா என்றொரு வழக்கு இன்று ஊர்தோறும் எழுப்பப்படுகின்றது. ஏழைக்கு மனையளந்து கொடுத்தால் மரம் வைக்க இடமிராது என்பர் ஒருசாரார். மரத்தையே போற்றிக்கொண்டிருந்தால் மாந்தன் எங்கே குடியிருப்பது என்பர் மறுசாரார். முன்னவர் குடிசையைப் பிரித்துவிட்டு அவ்விடத்திற் பூங்கா அமைப்பர். பின்னவர் ஏரியைத் தூர்த்துவிட்டு அவ்விடத்தில் மனைப்பிரிவு போடுவர். இருவரும் எதிரெதிர் நின்று பொருவார் போலத் தோன்றினும், இருவர் கையிலும் அகப்பட்டுக் கெடுபவன் ஒருவனே. அவன் நிலமற்ற தமிழன். ஆகலின் இவ் வழக்கிற்குத் தீர்ப்புச் சொல்லுமுன், இது மெய்வழக்குத்தானா என்பதை ஆராய்தல் வேண்டும்.

ஆராய்தற்குத் தமிழ்நாட்டின் வடகோடியிலுள்ள பள்ளிப்பட்டே போதும். திருவள்ளூர் மாவட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டிக் கிடக்கும் சிறு பேரூர் அது. விசைத்தறியும் உழவும் அவ் வட்டாரத்தின் வாழ்வு. ஊரையடுத்து ஓடும் ஆற்றிற்குக் கொற்றலை என்னும் நல்ல தமிழ்ப்பெயர் இருக்கவும், அலுவலக ஏடுகள் கொசத்தலையென்றும் குசத்தலையென்றும் எழுதிக் குவிக்கின்றன. (பெயர் போனாற் போகட்டும், ஆறாவது எஞ்சினாற் போதும் என்று சொல்லும் நிலைக்கு மக்கள் வந்துவிட்டனர்.)

இம் மண் எளிதிற் கிடைத்த மண்ணன்று. மொழிவழி மாநிலப் பிரிவினையின்போது திருத்தணியும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டத்திற் சிக்கிக்கொண்டன. மங்கலங்கிழாரும் ம.பொ. சிவஞானமும் அவர்வழி நின்ற எண்ணற்ற தொண்டரும் நடத்திய வடவெல்லைப் போராட்டத்தின் பயனாக, படாசுகர் பரிந்துரையின்மேல் 1959 இல் எல்லை மாற்றச் சட்டம் இயற்றப்பட்டு, 1960 ஏப்பிரல் முதல் நாளில் இப் பகுதி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. சிறை சென்றவர் பலர், அடிபட்டவர் பலர். அங்ஙனம் மீட்ட மண்ணில், அறுபத்தைந்து ஆண்டுகள் கடந்தபின்னும், தன் பெயரிற் கையகல மனையில்லாமல் ஆற்றோரத்திலும் ஏரிக்கரையிலும் பிறர் நிலத்திலும் ஒண்டிக் கிடக்கும் தமிழன் இருக்கின்றான் எனின், மீட்டது யாருக்கு என்று கேட்பது பிழையாகுமா?

2021 நவம்பரிற் பெய்த பெருமழையின்போது, மேலே ஆந்திரத்திலுள்ள கிருட்டிணாபுரம் அணையினின்று திறந்துவிட்ட நீர் கொற்றலையிற் பெருக்கெடுத்து வந்தது. பள்ளிப்பட்டைச் சூழ்ந்த தரைப்பாலங்கள் மூழ்கின; சிற்றூர்களின் போக்குவரத்து அற்றது. இத்தகைய வெள்ளம் வடிந்தபின் எப்போதும் இரு பேச்சுகள் எழும். ஆற்றோரக் குடிசைகளை அகற்றுக என்பது ஒன்று. கரைநெடுக மரம் நடுக என்பது மற்றொன்று. இரண்டும் தம்மளவில் தவறல்ல. ஆற்றின் வழியில் யாரும் குடியிருத்தலாகாது. கரையில் மரமிருந்தால் மண் அரிக்காது. ஆனால் மூன்றாவதாக எழ வேண்டிய பேச்சு ஒன்றுண்டு; அகற்றப்படுபவன் எங்கே போவான் என்பது. அதனைப் பேசுவார் இல்லை. அதனைப் பேசாமல் விடுவதற்கு வாய்ப்பாகவே மரத்தையும் மனையையும் மோதவிட்டு வேடிக்கை பார்க்கின்றனர்.

முதலில் கணக்கைப் பார்ப்போர் பார்க்கட்டும். காடும் மரமுமாகத் தமிழ்நாட்டின் பசும்பரப்பு நூற்றுக்கு 23.7 விழுக்காடு என்றும், அதனைப் பத்தாண்டில் 33 விழுக்காடாக உயர்த்துவதென்றும் கூறி 2022 செபுதம்பரிற் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கப்பெற்றது. தமிழ்நாட்டின் பரப்பு ஏறத்தாழ 1,30,000 சதுரக் கிலோமீட்டர். எனவே புதிதாகப் பசுமையாக்க வேண்டியது ஏறத்தாழ 12,000 சதுரக் கிலோமீட்டர். இனி மறுபக்கம். 2030 ஆம் ஆண்டிற்குள் ஊர்ப்புறங்களில் 8 இலக்கம் வீடுகள் கட்டித் தருவதென்று 2024 இல் அரசு ஒரு திட்டம் வகுத்தது. வீடொன்றிற்கு 360 சதுர அடி, செலவு 3.5 இலக்கம் உருபா. அவ் வெட்டு இலக்கம் வீடுகளும் மண்ணிற் பிடிக்கும் இடம் 27 சதுரக் கிலோமீட்டருக்கும் குறைவு. குடும்பத்திற்கு மூன்று செண்டு வீதம் கொல்லைப்புறத்தோடு அளந்து கொடுத்தாலும் நூறு சதுரக் கிலோமீட்டர் ஆகாது. பன்னீராயிரம் எங்கே, நூறு எங்கே? நூற்றிருபதில் ஒரு பங்கு! இவ் வொரு பங்கை ஏழைக்குக் கொடுத்தமையாற்றான் நாட்டிற் பசுமை அழிந்ததென்று சொல்பவன் ஒன்று கணக்கறியாதவனாதல் வேண்டும், அன்றேல் கள்ளக் கணக்கனாதல் வேண்டும்.

பின் நிலம் எங்கே போயிற்று? சென்னையினின்று திருத்தணி வரை சாலை வழியே ஒருமுறை வருவோர்க்கு விடை கண்முன்னே கிடக்கும். நேற்றுவரை நெல்லும் கடலையும் விளைந்த வயல்கள். அவற்றின் வரப்பில் நின்ற பனைகளையும் மாமரங்களையும் ஒரே நாளில் வீழ்த்தி, மண்ணைச் சமன்செய்து, வண்ணக்கொடி கட்டி, எல்லைக் கற்களை வரிசையாக ஊன்றியிருப்பர். போரில் வீழ்ந்த மறவர்க்கு நம் முன்னோர் நடுகல் நட்டனர். வீழ்ந்த வயலுக்கு இவர்கள் நடும் நடுகல் இவை போலும். கல் நட்டது பத்தாண்டுக்கு முன் என்றால், இன்றும் அங்கே கல்தான் நிற்கும். வீடு எழாது, ஏனெனில் வாங்கியவன் குடியிருக்க வாங்கவில்லை, விலையேற வாங்கினான். மரமும் எழாது, ஏனெனில் மரம் வளர்ந்தால் மனைக்கு மறைப்பு. மரமுமில்லை, மனையுமில்லை, விளைச்சலுமில்லை. சீமைக் கருவேல் ஒன்றுதான் தானே முளைத்துச் செழிக்கும். வெற்றுமனை வரியென ஒன்று ஏட்டில் உள்ளது. ஓராண்டில் அம் மனைக்கு ஏறும் விலையை நோக்க அவ் வரி தூசு. நகர்நிலத்திற்கு உச்சவரம்பு வைத்துத் தமிழ்நாட்டில் 1978 இல் ஒரு சட்டம் இயற்றினர். அதனையும் 1999 இல் நீக்கிவிட்டனர். ஏழை ஒண்டியிருக்கும் இரண்டு செண்டுக்கு வரம்பு கட்ட ஆயிரம் சட்டம். செல்வன் வளைத்த இருபது மனைக்கு வரம்பு கட்ட ஒரு சட்டமும் இல்லை.

மனைப்பிரிவுகளில் மரத்திற்கென்று இடம் விடவேண்டும் என்னும் விதி இல்லாமலில்லை. 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடத்தைப் பிரிப்போர் பத்தில் ஒரு பங்கைப் பொதுவிடமாக ஒதுக்க வேண்டும் என்பது விதி. ஆனால் 10,000 சதுர மீட்டர் வரையில் இடத்திற்கு மாறாகப் பணம் கட்டிவிடலாம் என்று அதே விதியில் ஒரு சந்தும் வைத்திருக்கின்றனர். பணம் கருவூலத்திற் சேரும். சிறுவர் ஓடியாட வேண்டிய நிழல் எங்கே சேரும்?

பள்ளிப்பட்டைக் கடந்த கொற்றலை பூண்டியை அடைகின்றது. 1944 இல் அங்கே கட்டிய நீர்த்தேக்கத்தினின்றே சென்னை தண்ணீர் குடிக்கின்றது. நீர் இங்கிருந்து அங்கே போக, நிலத்தைப் பற்றிய கொள்கை அங்கிருந்து இங்கே வருகின்றது. 1,189 சதுரக் கிலோமீட்டராயிருந்த சென்னைப் பெருநகர்ப் பரப்பு 2022 இல் 5,904 சதுரக் கிலோமீட்டராக விரிக்கப்பட்டு, திருவள்ளூர் மாவட்டத்து ஊர்கள் பலவும் அதனுள் இழுத்துக்கொள்ளப்பட்டன. ஆகலின் சென்னையில் நடந்ததைப் பள்ளிப்பட்டார் அறிந்துகொள்ளுதல் நல்லது. நாளை தம் வாயிலுக்கு வரப்போவது அதுவே.

1970 இற் குடிசை மாற்று வாரியம் தோன்றியபோது, குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குவீடு கட்டிக் கொடுப்பது என்பதே முதன்மையான நோக்கமாயிருந்தது. அவ் வீடுகளின் கட்டுமானத்தில் குறையிருக்கலாம், கொள்கையிற் குறையில்லை. பிழைக்கும் இடத்திற்குப் பக்கத்தில் இருக்கை. அதுவே ஏழையின் பாதிச் சோறு. 2000 ஆம் ஆண்டை ஒட்டிக் கொள்கை மாறியது. ஒக்கியம் துரைப்பாக்கத்திற் கண்ணகி நகர் எழுந்தது, பின்னர்ச் செம்மஞ்சேரி, பின்னர் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளோடு பெரும்பாக்கம். 2015 பெருவெள்ளத்திற்குப் பின் அடையாற்றங்கரையினின்று, சைதாப்பேட்டை போன்ற இடங்களிலிருந்து, பெயர்க்கப்பட்ட குடும்பங்கள் பெரும்பாக்கத்திற் கொண்டுபோய் இறக்கப்பட்டன. வீட்டுவேலை செய்த பெண்களும், சுமை தூக்கிய ஆடவரும், படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளும் ஒரே நாளிற் பத்துப் பதினைந்து கல் தொலைவிற்குத் தள்ளப்பட்டனர். வெள்ளத்தினின்று காக்கவே இப் பெயர்ப்பு என்று சொல்லப்பட்டது. பெரும்பாக்கம் எங்கே இருக்கின்றது? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி! மழை மிகுந்த ஆண்டுகளில் அங்கும் நீர் சூழ்கின்றது. ஆற்று வெள்ளத்திலிருந்து தூக்கிச் சதுப்பு வெள்ளத்தில் விட்டதற்கு மறுவாழ்வு என்று பெயர் வைத்தனர். கண்ணகி பெயரை அவ்விடத்திற்கு இட்டவர்கள் பொருளறிந்து இட்டனரோ, அறியாமல் இட்டனரோ, ஊரை விட்டு வந்து முறைகேட்டவளின் பெயர் அங்கே பொருந்தித்தான் இருக்கின்றது.

இனி அதே அடையாற்றின் மறுகரையைப் பார்க்க. கிண்டியில் 160 ஏக்கர் நிலம். 1945 முதல் 99 ஆண்டுகளுக்குக் குதிரைப் பந்தய மன்றத்திற்குக் குத்தகை. ஆண்டுக் குத்தகை 614 உருபாச் சில்லறை. திங்களுக்கன்று, ஆண்டுக்கு! ஓர் ஏக்கருக்கு ஆண்டொன்றிற்கு நான்கு உருபாவும் ஆகாது. சைதாப்பேட்டைக் குடிசையில் ஒரு திங்களுக்குக் கொடுத்த குடிக்கூலி இதனினும் மிகுதி. குதிரை ஓடவும், அதன் நடுவே சிலர் குழிப்பந்து ஆடவும் 160 ஏக்கர் கிடந்தது. அக்கரையிற் குடியிருந்தவனுக்கு அந்நகரில் இடமில்லை என்று சொல்லப்பட்டது. மரமா மனையா என்று ஏழையைப் பார்த்துக் கேட்டவர்கள், மரமா குதிரையா, மனையா குதிரையா என்று அம் மன்றத்தைப் பார்த்துப் பல்லாண்டு கேட்கவில்லை.

2024 செபுதம்பரில் அரசு அக் குத்தகையை நீக்கி நிலத்தைக் கைக்கொண்டது. மன்றம் வழக்காடியது. அந் நிலத்தில் 118 ஏக்கரைப் பூங்காவாக்கத் தோட்டக்கலைத் துறைக்கு ஒதுக்கினர். வேளச்சேரிப் பக்கத்து வெள்ளத்தைத் தாங்கக் குளங்களும் வெட்டினர். நிலத்தை மீட்டது நற்செயல். குளம் வெட்டியது அதனினும் நற்செயல். அதனைப் பாராட்டாதிருத்தல் நன்றன்று. ஆயினும் அந் நூற்றறுபதில் ஒரு பத்து ஏக்கர், பெரும்பாக்கத்திற்குத் துரத்தப்பட்டவர் திரும்பி வந்து குடியிருக்க என்று ஒதுக்க யாருக்கும் மனம் வரவில்லை. நூறு ஏக்கருக்கு மேல் மரமும் நீரும், பத்து ஏக்கரில் அடுக்குவீடு. இரண்டும் ஒருங்கே நிற்க அங்கே இடமிருந்தது. இல்லாதது இடமன்று.

இதற்கு மறுதலையான பிழையைச் செய்தோரும் உண்டு, அவரையும் விட்டுவிடுதற்கில்லை. வீடு வேண்டும் வீடு வேண்டும் என்று சொல்லி நீர்நிலைகளைத் தூர்த்தவர்கள் அவர்கள். தியாகராயநகர் 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து எழுப்பியது. நுங்கம்பாக்கம் ஏரியும் அவ்வழியே போயிற்று. 1976 இல் வள்ளுவர்க்கு எடுத்த கோட்டமே அவ் வேரி நிலத்தின்மேல் நிற்கின்றது. நீரின்றி உலகமையாதென்று உரைத்தவர்க்கு எடுத்த கோட்டத்திற்கு வேறிடம் கிடைக்கவில்லை என்பது வருந்தத்தக்கதே. பள்ளிக்கரணைச் சதுப்பின் பெரும்பகுதி கட்டடத்திற்கும் பெருங்குடிக் குப்பை மேட்டிற்கும் இரையாயிற்று. அங்கே நிலம் தின்றவர் ஏழையர் மட்டுமல்லர். கல்விக்கூடங்களும் பெருநிறுவனங்களும் அரசு அலுவலகங்களுமே முன்னின்றன. ஆயினும் இடிபொறி வரும்போது முதலில் வருவது எவர் வீட்டிற்கென்று நாடறியும். நீர் நிற்கும் இடமும் நீர் நடக்கும் இடமும் மனைக்கும் ஆகா, பூங்காவிற்கும் ஆகா. அவை நீருக்கே உரியன. இதில் ஏழை பணக்காரன் என்னும் வேறுபாடு காட்டாமல் அளந்து கல் நாட்டுபவனே நேர்மையான அரசன்.

மரமும் மனையும் ஒருங்கே வாழமுடியாதென்போர் சிங்கப்பூரை நோக்கட்டும். தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்றாக வீற்றிருக்கும் நாடு அது. ஏறத்தாழ 735 சதுரக் கிலோமீட்டர். கடலைத் தூர்த்து நிலம் சேர்த்தும் அவ்வளவே. 1960 இல் வீடமைப்பு வாரியம் தோன்றியது. 1961 இற் புக்கிட் ஓ சுவீயில் எழுந்த பெருந்தீயில் ஏறத்தாழ பதினாறாயிரவர் வீடிழந்தனர். அவர்க்கு விரைந்து அடுக்குவீடுகள் எழுந்தன. 1963 இல், வீடில்லாத் திண்டாட்டம் தீருமுன்னரே, தலைமை அமைச்சர் இலீ குவான் இயூ மரநடு இயக்கத்தைத் தொடங்கினார். வீடு முடியட்டும், பிறகு மரம் என்றும் சொல்லவில்லை. மரத்திற்காக வீட்டை நிறுத்தவுமில்லை. இன்று அந்நாட்டு மக்களிற் முக்கால்வாசிக்கு மேற்பட்டோர் அரசு கட்டிய வீட்டில் வாழ்கின்றனர், தெருவெல்லாம் நிழல். அங்கே 1966 இல் இயற்றிய நிலமெடுப்புச் சட்டம் நிலவணிகனின் கொள்ளையூதியத்தை ஒடுக்கியது. அச் சட்டத்தின் கடுமையிற் சிற்றூர்க் குடிகளும் வாட்டமுற்றனர் என்பது மறைத்தற்குரியதன்று. ஆயினும் நிலத்தை விலைப்பொருளாக விட்டுவிட்டு மரத்தையும் மனையையும் அவர்கள் வாதாட வைக்கவில்லை.

சிங்கப்பூர் வரை போவானேன்? தமிழர்தம் ஊர்ப்பெயர்களே சான்று பகர்கின்றன. திருவள்ளூர் மாவட்டத்துக் கடம்பத்தூர், அரக்கோணத்தை அடுத்த பனப்பாக்கம், சென்னையின் பெரம்பூர், ஆலந்தூர், புரசைவாக்கம் ஆகிய பெயர்களைப் பிரித்துப் பார்க்க. கடம்பும் ஊரும், பனையும் பாக்கமும், பிரம்பும் ஊரும், ஆலும் ஊரும், புரசும் பாக்கமும். பெயரின் முற்பாதி மரம், பிற்பாதி குடியிருப்பு. ஒரு சொல்லுக்குள் இரண்டையும் வைத்து வாழ்ந்த இனத்தின் முன்வந்து, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று சொல்கின்றனர்! மன்னனுக்குக் காவல்மரம், கோயிலுக்குத் தலமரம், நிலத்திற்கே குறிஞ்சி முல்லை மருதம் என மரஞ்செடிப் பெயர். நற்றிணையில் ஒரு தலைவி தன் வீட்டார் வளர்த்த புன்னையை உடன்பிறந்தாளாகக் கருதி நாணுகின்றாள். மனையை ஒட்டி மரமிருந்தாலன்றி இவ் வுறவு எவ்வாறு பிறக்கும்?

எம்மரம் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. 2016 திசம்பர் 12 அன்று வீசிய வர்தாப் புயலிற் சென்னையின் மரங்கள் ஆயிரக்கணக்கில் வேரோடு சாய்ந்தன. வீழ்ந்தவற்றுட் பல, மடகாசுக்கரிலிருந்து வந்த செம்மயிற்கொன்றையும், அமெரிக்கத் தூங்குமூஞ்சியும், இயல்வாகையும் ஆகிய விரைவளர்ச்சி மரங்கள். அழகுக்கும் விரைவுக்கும் வைத்தவை அழகாகவும் விரைவாகவும் விழுந்தன. அவை வீழ்ந்து நொறுங்கிய கூரைகளைக் கண்டபின், வீட்டருகே மரமே வேண்டா என்று மக்கள் அஞ்சத் தொடங்கினர். மரத்திற்கும் மனைக்கும் பகை மூட்டியதில் இதற்கும் பங்குண்டு. தெருவிற்கு வேம்பும் புங்கும் பூவரசும். கொல்லைக்கு முருங்கையும் கறிவேம்பும் எலுமிச்சையும். வேர் பரப்பிச் சுவரைப் பிளக்கும் ஆலும் அரசும் ஏரிக்கரைக்கும் பொதுவெளிக்கும் என்னும் இவ் வொழுங்கை எழுத்தறியாப் பாட்டியும் அறிந்திருந்தாள். இன்று சப்பானியர் மியாவாக்கியின் பெயரைச் சொல்லி மாநகராட்சிகள் நெருக்குக்காடு வளர்க்கின்றன. காடு வளர்வது நன்றே. ஆயினும் கோயிற்காடுகளை வைத்திருந்த நாட்டில், மரம் நடவும் ஒரு வெளிநாட்டுப் பெயர் இருந்தாற்றான் கோப்பிற் கையெழுத்து விழுகின்றது.

நெசவாளர் வாழ்வில் மரம் தொழிற்கருவியே. நெசவூர்களில் பாவு நீட்டுவதற்கென்று அகன்ற தெருவும் அதன் மருங்கில் நிழலும் வைத்தனர்; கொங்குநாட்டில் அவ் வெளிக்குப் பாவடி என்று பெயர். கஞ்சி தோய்த்த பாவை இளவெயிலில் நீட்டி ஆற்றுவர். வெயில் கடுத்தால் நூல் முறியும். விசைத்தறி வந்தபின் அவ் வேலை குறைந்தது, வெம்மை குறையவில்லை. கோடையில் இரும்புத் தகட்டுக் கூரையின்கீழ்த் தறி ஓட்டுபவனைக் கேட்டால், சுவரோரத்து வேம்பு அவனுக்கு அழகுப் பொருளா என்பதைச் சொல்வான். 360 சதுர அடி வீட்டிற் குடும்பத்தை வைப்பானா, தறியை வைப்பானா என்பதை அத் திட்டம் வகுத்தவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. அவ் வீடும் மனைப்பட்டா உடையவனுக்கே. மனையே இல்லாதவனுக்கு, வீடு கட்ட மூன்றரை இலக்கம் தருகின்றோம் என்பது, குதிரை இல்லாதவனுக்குச் சேணம் தருவதை ஒக்கும். புறம்போக்கில் வாழும் 86,000 பேர்க்குப் பட்டா வழங்க 2025 பிப்ரவரியில் அமைச்சரவை முடிவெடுத்தது. வரவேற்கத்தக்க தொடக்கம். அவ் வரிசையில் எல்லையோரத்தான் எங்கே நிற்கின்றான் என்பதைப் பள்ளிப்பட்டார் கேட்டுப் பெறுதல் வேண்டும்.

கேட்க வேண்டியவை பெரியன அல்ல. கொற்றலையின் வெள்ளம் ஏறும் எல்லையை அளந்து கல் நாட்டுக. அக் கல்லுக்கு உள்ளே மரமும் புல்லுமன்றி எதுவும் கூடாது. உள்ளே வாழ்வோர்க்கு, முன்னமே மனையளந்து கொடுத்தபின் பெயர்க்க. அம் மனை தறிக்கும் பள்ளிக்கும் நடந்து போகும் தொலைவில் இருத்தல் வேண்டும். ஐந்தாண்டுக்கு மேல் வீடெழும்பாத வெற்றுமனைக்கு ஆண்டுதோறும் வரியை இரட்டிக்க. கட்டமாட்டாதவன் பேரூராட்சிக்கு விற்கட்டும். பொதுவிடத்திற்கு மாறாகப் பணம் என்னும் சந்தினை அடைக்க. புதிய தெருவொவ்வொன்றும் இருமருங்கும் மரம் நிற்கும் அகலத்தில் அமைக. ஒளிப்படக்காரன் போனபின் கன்றுக்கு மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்றுபவன் யார் என்பதை நடுமுன்னரே பெயரெழுதி, அவனுக்குக் கூலியும் ஒதுக்கி வைக்க. அக் கூலி நிலமற்றவனுக்கே சேர்க.

மேலே அணையும், கீழே நகரும், நடுவே பள்ளிப்பட்டும் இருக்கின்றன. கார்காலம் ஆண்டுதோறும் வருகின்றது. அடுத்த வெள்ளம் தரைப்பாலத்தை எட்டுமுன் பேரூராட்சி அலுவலகத்தில் அளவுச் சங்கிலியை எடுக்கச் சொல்லி நிற்போர் எத்தனை பேர்?